வெள்ளிக்கிழமைப் புகை

பிச்சைக்கண்ணுவைக் கல்யாண வீட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. பகை ஒன்றுமில்லை. பத்திரிகையைக் கொண்டுவந்து அவர் மனைவி பேச்சித்தாய் கையில் கொடுத்து, "அண்ணனுக்கு அன்னைக்கு வேலை இருக்கும்லா மைனி, நீங்க வந்தாப் போதும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருசமாகப் பெரியாஸ்பத்திரிப் பிணவறையில் உதவியாளராக இருக்கிறவருக்கு ஊர் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. இப்போது பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்க முழங்கால் இடம் கொடுப்பதில்லை என்பதால், கூப்பிடாததும் ஒரு சௌகரியமாகப் போய்விட்டது.

அவருடைய வேலையை விவரமாகச் சொல்லி யார் சாப்பாட்டையும் கெடுக்க வேண்டாம். டாக்டர் பார்ப்பார், எழுதுவார். திறப்பதும் தைப்பதும் கழுவுவதும் பிச்சைக்கண்ணு. டாக்டர்கள் மாறுதலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். மேசை அங்கேயேதான் கிடக்கும், பிச்சைக்கண்ணுவும் அங்கேயேதான் நிற்பார்.

வேலை முடிந்தால் ஆற்றில் இறங்கி ஒரு முங்கு போடாமல் வீட்டுக்கு வரமாட்டார். கோடையில் தாமிரபரணி முழங்கால் அளவுக்கு வற்றிக் கிடந்தாலும் படுத்து உருண்டாவது தலையை நனைத்துவிடுவார். டவுணில் வீட்டு வாசலுக்கு வந்தால் பேச்சித்தாய் தூபக்காலோடு நிற்பாள். கங்கில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, தலையிலிருந்து கால்வரை அவரைச் சுற்றிக் காட்டி, பிறகு வீட்டுக்குள்ளும் மூலைமூலையாகப் புகை பிடிப்பாள். அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் தொடங்கிய வழக்கம். "எந்த வீட்டுச் சாவோ, நம்ம நடைக்குள்ள வரப்பிடாது" என்பாள். தெருக்காரர்களுக்கு அது கடிகாரம். "அந்தா, பிச்சைக்கண்ணு வீட்டுல புகை வந்துட்டு, மணி அஞ்சரை" என்று அடுப்பில் பாலை வைப்பார்கள்.

பிணவறைக்கு வெளியே ஒரு வாகைமரம் நிற்கிறது. செத்தவர்களின் உறவுக்காரர்கள் அதன் அடியில்தான் காத்துக் கிடப்பார்கள். டாக்டரிடம் பேசப் பயம், போலீஸிடம் கேட்டால் எரிந்து விழும். ஆகையால் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் பிச்சைக்கண்ணுவைப் பிடித்துக்கொள்வார்கள். ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. அவரிடம் அதற்கு ஒரே பதில் உண்டு.

"உறக்கத்துலயே போயிட்டாவ. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

உள்ளே கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது சர்க்கார் விதி. இந்த ஒரு பொய்யைச் சொல்லலாம் என்பது பிச்சைக்கண்ணு விதி. ஒருமுறை லாரியில் அடிபட்டவனின் மச்சானிடமும் பழக்கதோஷத்தில் இதையே சொல்லி, அந்த ஆள் விட்ட அறையில் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதிலிருந்து லாரி கேசு என்றால் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

தீயில் செத்தவர்கள் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு சலிப்பு உண்டு. வேலைக்கு வந்த புதிதில் தீ என்றால் தீதான். ஸ்டவ் வெடித்தது, ஓலைக்கூரை பற்றியது என்று வருகிறவர்களை அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்குவார். இப்போது அப்படி வருவது குறைவு. மச்சு வீடு, ஸ்பாஞ்சு மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, ஏசி போட்டு ஒட்டி அடைத்த ஜன்னல். தீ ஒரு மூலையில் கொஞ்சம் எரிந்து, காற்று போதாமல் தானாகவே அடங்கிவிடும். ஆள் அடுத்த அறையில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் கிடப்பான். உதடும் நகமும் உயிரோடு இருக்கிறவனைவிடச் சிவந்திருக்கும். எந்த வாடையும் இல்லாத ஒரு நஞ்சு அந்தப் புகைக்குள் இருக்கிறது, ரத்தத்தில் நல்ல காற்று உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது, உறங்குகிறவன் அப்படியே ஆழமாக உறங்கிப் போய்விடுகிறான் என்று பழைய டாக்டர் ஒருவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிச்சைக்கண்ணு அதைச் சுருக்கி வைத்திருக்கிறார்: தீ பொறவுதான் வரும், புகை முந்தி வந்து சோலியை முடிச்சிரும். ஆனால் இதைக் கேட்க ஆள் கிடையாது. செத்தவன் மேல் காயமில்லை என்றால் ஊர் உடனே வேறு கதை கட்டத் தொடங்கிவிடும்.

அப்படி ஒரு கதைதான் போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலை வாகைமரத்தடியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

முந்தின நாள் ராத்திரி சேரன்மகாதேவியிலிருந்து உடல் வந்திருந்தது. பெயர் செல்வமணி, வயது முப்பத்துநாலு. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளாவுக்கு வண்டி ஓட்டுகிறவன். மத்தியானம் வீடு திரும்பி, சாப்பிட்டு, உள்ளறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு உறங்குவான். அவன் மனைவி கலைச்செல்விக்கு டவுணில் ஜவுளிக்கடையில் வேலை. மூன்று மணிக்குக் கடைக்கு வந்துவிட வேண்டும். உறங்குகிற புருசனை யாரும் வந்து எழுப்பக் கூடாது என்று வெளிக் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாள். அவனுக்கு இன்னொரு சாவி ஹாலில் ஆணியில் தொங்கும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் வீட்டில் இது ஒரு சாதாரண ஏற்பாடு, வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது.

விசாரணைக்கு வந்திருந்த ஏட்டு சிவசண்முகம், பிச்சைக்கண்ணு மேசையைக் கழுவுகிற வரைக்கும் வாசலில் நின்று மீதியைச் சொன்னார்.

"பிடிச்சது ஒரு சோபா, நாலு நாற்காலி, அவ்வளவுதான் வே. இன்வெர்ட்டர் வயர் உருகியிருக்குன்னு தீயணைப்புக்காரங்க சொல்லுதாங்க. உள்ளறையில ஒரு துணிகூடக் கருகல. இவன் கட்டில்ல படுத்தது படுத்தபடி கெடக்கான். ஏழு மணிக்கு அவன் மவ, ஆறு வயசுப் புள்ள, டியூசன் முடிஞ்சு வந்திருக்கு. ஜன்னல்ல புகையைக் கண்டு பயந்து நின்னிருக்கு. பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கா, 'உங்கம்மை சாம்பிராணி போட்டிருப்பா, போ புள்ள'ன்னு. அதுக்கு அது, 'அம்மை கடைக்குல்லா போயிருக்கு'ன்னு சொல்லியிருக்கு. பொறவுதான் ஆள் கூடி பூட்டை ஒடைச்சிருக்காவ."

பிச்சைக்கண்ணு தண்ணீர்க் குழாயை மூடினார். "அப்புறம் என்ன சந்தேகம் ஏட்டையா?"

"அப்பன்காரன் எழுதிக் கொடுத்திருக்கான். மருமவ விசம் வச்சிக் கொன்னுட்டு, வீட்டைக் கொளுத்திட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாளாம். புருசன் பொண்டாட்டிக்குள்ள மூணு மாசமா சண்டை சச்சரவு வேற. டாக்டரம்மா என்ன சொல்லுதாவன்னு பாத்துட்டுத்தான் அந்தப் பொண்ணை என்ன செய்யன்னு எங்க இன்ஸ்பெக்டர் முடிவு பண்ணுவாரு."

சாவுக்கு இரண்டு கட்சி ஆகிவிட்டது என்று வெளியே பார்த்தாலே தெரிந்தது. வாகைமரத்தடியில் செல்வமணியின் சொந்தக்காரர்கள் இருபது பேர். குலசைத் தசராவுக்கு மாலை போட்டிருந்த ஒருவன் மட்டும் தீட்டுக்குப் பயந்து வெளிக்கேட்டுக்கு அப்பால் நின்று கையாலேயே பேசிக்கொண்டிருந்தான். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் தூண் பக்கத்தில் தனியாக ஒரு பெண், ஜவுளிக்கடை சீருடைச் சேலையோடு, தரையில் உட்கார்ந்திருந்தாள். அதுதான் கலைச்செல்வி. முந்தின நாள் மூன்று மணிக்குக் கட்டின சேலை. அவளுடைய பெண்பிள்ளை எதிர்க்கட்சியில் ஓர் அத்தையின் இடுப்பில் இருந்தது. பிள்ளை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டும்போதெல்லாம் அத்தை அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

வாளியில் தண்ணீர் பிடிக்க வெளியே வந்த பிச்சைக்கண்ணு இதைக் கவனித்தார். இருபத்தாறு வருசத்தில் எத்தனையோ பார்த்தவருக்கு இதுவும் ஒன்று. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு ஒருத்தர்கூட ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது அவருக்கு என்னவோ போல இருந்தது. தன் பாட்டிலைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"அண்ணே, அவரை ஒருவாட்டி பாக்க விடுவாங்களா?" என்று அவள் கேட்டாள். கஷ்டப்பட்டாரா என்று கேட்கவில்லை. அவன் செத்துவிட்டான் என்பதே அவளுக்கு இன்னும் எட்டவில்லை.

"பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அது தன் கையில் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

மரத்தடியில் செல்வமணியின் அப்பா இசக்கிதுரை நின்றுகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது, சொந்தமாக வயலும் வாழையும் உள்ளவர், நெடுநெடுவென்ற ஆள். ஆறு மாதத்துக்கு முன்னால் மகன் தனிக்குடித்தனம் போன நாளிலிருந்து மருமகளோடு பேச்சு கிடையாது. அடுத்த தெருதான். தினமும் டீக்கடைக்குப் போகும் வழியில் அந்த வீட்டைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு போவார். அவர் இன்னும் அழவில்லை. யார் புதிதாக வந்தாலும் அவர்களிடம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆறு மணிக்கு நான் டீக்கடைக்குப் போறேன். ஜன்னல்ல புகை வருது. வெள்ளிக்கிழமைல்லா, சாம்பிராணி போடுதாள்னு நெனச்சேன். நாத்தம்னா நாத்தம், தெருவே நாறுது. கடையில போய்ச் சொன்னேன், 'எம் மருமவளுக்கு ஒரு சாம்பிராணி ஒழுங்கா வாங்கத் தெரியல, பிளாஸ்டிக்கைக் கொளுத்துன மாரி நாறுது'ன்னு. அங்கன இருந்தவன் எல்லாம் சிரிச்சான். அப்ப ஆறு மணிக்கு அவ வீட்டுக்குள்ளதான இருந்திருக்கா? விசத்தைக் கொடுத்துட்டுத் தீயை வச்சிட்டுப் போயிருக்கா. மூஞ்சியைப் பாத்தியளா, எப்படிச் செவந்து கெடக்கு? விசத்துக்குத்தான் அப்படிச் செவக்கும்."

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். பிச்சைக்கண்ணு வாளியோடு அவர்களைக் கடந்து உள்ளே போனார். அந்தக் கதையில் எங்கேயோ ஒரு முடிச்சு இடறியது. ஆனால் மேசையில் ஆள் காத்திருக்கும்போது அடுத்தவர் கதையை அவிழ்க்க அவருக்கு நேரம் ஏது.

டாக்டர் ஞானசௌந்தரி பாளையங்கோட்டைப் பெண். வேலைக்கு வந்து ஒன்றரை வருசம்தான் ஆகிறது. ஒவ்வொரு உடலுக்கு முன்னாலும் கண்ணை மூடி ஒரு நிமிசம் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் கையுறையைப் போடுவார். அந்த ஒரு நிமிசம் பிச்சைக்கண்ணுவின் முழங்காலுக்கு ஓய்வு என்பதால் அவருக்கும் அதில் சந்தோசம்.

அன்றைக்கு எல்லாம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. மூச்சுக்குழாயைத் திறந்ததும் டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். உள்ளே தொண்டையிலிருந்து நெஞ்சுக்குள் பிரிந்து போகும் கிளை வரைக்கும் கரி அப்பியிருந்தது. செத்தவன் மூச்சு இழுப்பதில்லை. வாய்க்குள் கொஞ்சம் கரி போகலாம், அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. உயிரோடு இருந்து, படுத்த இடத்திலேயே இழுத்து இழுத்து உள்ளே கொண்டுபோயிருக்கிறான். ரத்தம் பூராவும் செக்கச்செவேலென்று இருந்தது.

"கதவுக்கு அடியில எவ்வளவு சந்து இருந்துச்சாம்?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு விரக்கடைன்னு ஏட்டு சொன்னாரும்மா."

"அது போதும். பாவம், எந்திரிக்கக்கூட இல்ல." டாக்டர் எழுதத் தொடங்கினார். "விசம் இருக்கான்னு பாக்கச் சாம்பிள் அனுப்பத்தான் செய்வேன். அனுப்பணும், அது முறை. ஆனா எனக்குச் சந்தேகம் இல்லண்ணே. இந்தப் புகைதான்."

பிச்சைக்கண்ணு தையல் போட்டார். அன்றைக்கு வழக்கத்தைவிட நெருக்கமாகப் போட்டார். அந்தப் பெண் பார்க்கப் போகிறாள் என்று ஒரு நினைப்பு.

பதினொரு மணிக்கு ஏட்டு மரத்தடிக்குப் போய்ச் சொன்னார். புகைதான் காரணம், உயிரோடு இருக்கும்போதே மூச்சில் இழுத்திருக்கிறான். கலைச்செல்வி மூன்று மணியிலிருந்து ஏழே முக்கால்வரை கடையில்தான் நின்றிருக்கிறாள், கேமராவில் இருக்கிறது. நியாயமாக அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இசக்கிதுரை ஒத்துக்கொள்ளவில்லை. கேமராவில் எதையும் மாற்றலாம் என்றார். டாக்டர் பொம்பளை, பொம்பளைக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார். அந்தப் பெண் மகனின் தலைமாட்டுக்கு வரக் கூடாது, ஊருக்குள் கால் வைக்கக் கூடாது, பிள்ளை எங்களோடு இருக்கும் என்றார். சனிப்பிணம் தனிப்போகாது, கோழி வாங்கியாச்சா என்று பின்னால் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். ஏட்டு தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிச்சைக்கண்ணு கட்டிடத்துக்குப் பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால். உள்ளே இன்னும் இரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். இசக்கிதுரை சுற்றிக்கொண்டு தனியாக அங்கே வந்து நின்றார்.

"நீரு சொல்லும். வெட்டினது நீருதான."

"டாக்டரம்மா சொல்லியாச்சுல்லா அண்ணாச்சி."

"அவ கெடக்கா. நீரு கண்ணால கண்டவரு. எங்க ஆத்தா அறுவது வருசம் வெறகடுப்புப் புகையில கெடந்தா. தொண்ணூறு வயசுலதான் செத்தா. புகையில எவனாவது சாவானா வே?"

"அது வெறகு அண்ணாச்சி. ஓட்டு வீடு, புகை மேல ஏறி ஓடு வழியாப் போயிரும். இது ஸ்பாஞ்சு, பிளாஸ்டிக்கு, வயரு. அடைச்ச வீட்டுல எங்கன போவும்? ஆளுக்குள்ளதான் போவும். இதே மாரி எத்தனை பேரை நான் பாத்துட்டேன் தெரியுமா."

"அப்ப ஆறு மணிக்கு அவ உள்ள என்ன செஞ்சா? நான் கண்டேம்லா. சாம்பிராணி போட்டுக்கிட்டு இருந்தாள்லா."

இவ்வளவு நேரமும் பிச்சைக்கண்ணு விதிப்படிதான் இருந்தார். ஆனால் அசதி ஒரு கெட்ட சாமான். காலையிலிருந்து இடறிய முடிச்சு அதுபாட்டுக்கு அவர் வாயில் அவிழ்ந்துவிட்டது.

"அவ டவுண்ல கடையில நின்னுருக்கா அண்ணாச்சி. அப்ப ஆறு மணிக்குச் சாம்பிராணி போட்டது யாரு?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். குழாயை மூட மறந்து கையை அப்படியே வைத்திருந்தார். தண்ணீர் சிமெண்டுத் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

இசக்கிதுரை பதில் சொல்ல வாயைத் திறந்தார். மரத்தடியில் காலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை சொன்ன கதையை அவர் இப்போது தனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஜன்னல், புகை, நாற்றம், டீக்கடை, சிரிப்பு. பூட்டு தொங்கியதா என்று அவர் பார்க்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டல்லவா போனார்.

"நாறுச்சே" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "பிளாஸ்டிக்கைக் கொளுத்துன மாரின்னு நாந்தான சொன்னேன். என் வாயாலதான சொன்னேன்."

பிச்சைக்கண்ணு ஈரக் கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டார். கிழவர் இன்னும் கிட்டே வந்தார்.

"நான் போவும்போது உசுரோட இருந்திருப்பானா?"

"அதைச் சொல்ல முடியாது அண்ணாச்சி. நேரம் உள்ள எழுதியிருக்காது."

"இருந்திருப்பான்" என்று இசக்கிதுரை தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார். "ஒரு தட்டு தட்டியிருந்தா முழிச்சிருப்பான்."

இதற்கு என்ன சொல்வது. பிச்சைக்கண்ணு தேடிப் பார்த்தார். கையில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

"உறக்கத்துலயே போயிட்டாவ அண்ணாச்சி. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

வேலைக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேரிடம் மனமறிந்து பொய்யாகச் சொன்ன வாக்கியம். இன்றைக்கு அது முழு உண்மை. ஆனால் கிழவர் கேட்டது அதுவல்ல. அவர் வேட்டி முனையை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போய், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை என்பதுபோலக் கீழே விட்டார். பிறகு திரும்பி நடந்தார்.

பிச்சைக்கண்ணு குழாயை மூடிவிட்டுப் பின்னாலேயே போய்ச் சுவரோரமாக நின்றார். இசக்கிதுரை மரத்தடிக்குப் போகவில்லை. முற்றத்தைக் குறுக்கே கடந்து சைக்கிள் கொட்டகைக்குப் போனார். இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அடிக்கப் போகிறார் என்றுதான் ஏட்டு நினைத்திருக்க வேண்டும், வேகமாக இரண்டு எட்டு வைத்தார். கலைச்செல்வியும் அப்படித்தான் நினைத்தாள். உட்கார்ந்த இடத்திலேயே தூணோடு ஒட்டிக்கொண்டு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"எம்மா, எந்திரி" என்றார் இசக்கிதுரை. ஆறு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசின முதல் வார்த்தை. "புள்ளையை வாங்கிக்கோ. வண்டியில அவன் தலைமாட்டுல நீ உக்காரு."

அவளுக்குப் புரியவில்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை. ஏட்டுதான் போய் அத்தையின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிவந்து அவள் மடியில் விட்டார். பிள்ளை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மை, நான் கம்பிக்கதவை ஆட்டுனேன், அப்பா எந்திரிக்கல" என்றது. அதைக் கேட்டு அவள் அழத் தொடங்கினாள். அதுவரை அவளை அழக்கூட யாரும் விடவில்லை.

மரத்தடியில் முணுமுணுப்பு எழுந்தது. இசக்கிதுரையின் தங்கை மகன் ஒருவன், வேகமுள்ள ஆள், முன்னால் வந்தான். "என்ன மாமா இது? காலையில இருந்து ஒண்ணு சொன்னிய, இப்ப ஒண்ணு செய்யுதிய?"

"அவ ஒண்ணும் செய்யல."

"அப்ப யாருதான் மாமா செஞ்சது?"

"நான் டீ குடிக்கப் போயிட்டேன்" என்றார் இசக்கிதுரை.

யாருக்கும் விளங்கவில்லை. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் படாமல் நிற்கிறார், அதுதான் பிதற்றுகிறார் என்று அந்த மருமகன் சொல்லிவிட்டு, கேட்டு வாசலுக்கு ஓடிப்போய்ப் பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் திணித்தான். அவர் அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிச்சைக்கண்ணு சுவரோரத்திலிருந்து உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் பார்க்க அவருக்குத் திராணியில்லை.

ஒரு மணிக்கு வண்டி கிளம்பியது. ஏற்றும்போது பிச்சைக்கண்ணுதான் தலைப்பக்கம் பிடித்தார். கலைச்செல்வி மடியில் பிள்ளையோடு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். அவள் அந்தச் சிவந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். கஷ்டப்பட்டாரா என்று இப்போது கேட்டாள். அவரும் சொன்னார். அவள் அதை நம்பினாள். இசக்கிதுரை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார், திரும்பிப் பார்க்கவில்லை. வாகைமரத்து வேரில் அவர் இறக்கி வைத்த டீ ஆடை படிந்து கிடந்தது.

மீதி இரண்டு பேரையும் முடித்துவிட்டு அன்றைக்கு அவர் ஆற்றுக்குப் போக நாலரை மணி ஆகிவிட்டது. முங்கின தலையைத் தூக்காமல் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தார். மூச்சு முட்டியபோதுதான் எழுந்தார்.

கேட்டது தப்பா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். கேட்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு நடுத்தெருவில் நிற்பாள். கேட்டதனால் அந்தக் கிழவர் இனிமேல் எந்த வெள்ளிக்கிழமையும் நிம்மதியாக ஒரு டீ குடிக்கமாட்டார். இரண்டையும் நிறுத்துப் பார்க்க அவரிடம் தராசு இல்லை. வயிறு பசித்தது, முழங்கால் வலித்தது, அவ்வளவுதான் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

வாசலில் பேச்சித்தாய் வழக்கம்போலத் தூபக்காலோடு நின்றாள். கங்கு கனிந்திருந்தது. சாம்பிராணியை இரண்டு விரலில் எடுத்துவிட்டாள்.

"வேண்டாம் பேச்சி" என்றார்.

"ஏன், என்னவாம்?"

"இனிமே வேண்டாம். என்னைக்கும் வேண்டாம்."

இருபத்தாறு வருச வழக்கத்தை நடைப்படியில் நிறுத்தினால் எந்தப் பெண்தான் சும்மா விடுவாள். "கிறுக்கு பிடிச்சிருக்கா? அந்த நாத்தத்தோட வீட்டுக்குள்ள வரப் போறியளா?"

"நாத்தம் இருந்துட்டுப் போட்டும்." அவர் படியில் உட்கார்ந்தார். எதிர்வீட்டில் ஒருத்தி இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது. "அந்தா பாரு, நம்ம வீட்டுல புகை வந்தா அவ அடுப்புல பால் வைப்பா. தெருவே அப்படித்தான். தெனமும் புகை வந்துக்கிட்டே இருந்தா, ஒரு நாள் வேற புகை வரும்போது எவ வந்து நம்ம கதவைத் தட்டுவா?"

பேச்சித்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். தூபக்காலைக் கீழே வைத்து, சொம்பிலிருந்த தண்ணீரைக் கங்கில் ஊற்றினாள். அது சீறிக்கொண்டு அணைந்தது. பிறகு அவருக்குச் சோறு போட உள்ளே போனாள்.